தாழ்ந்த கூரையுள்ள பேஸ்மென்றில் இரு பிள்ளைகளுக்கு ஓர் அறை: தென்படும் குறைகளும் திருத்தும் வழிகளும்

ஸ்கார்பரோவிலும் ரொறன்ரோவின் பிற பகுதிகளிலும் 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட பங்களா வீடுகளின் பேஸ்மென்றுகள் சூடேற்றும் உலைக்கும் சலவை இயந்திரத்துக்கும் பழைய பெட்டிகளுக்கும் என்று விடப்பட்டவை. வீட்டில் ஆட்கள் கூடி, மேலேயுள்ள அறையொன்று அம்மம்மாவுக்கோ புதிதாகப் பிறந்த குழந்தைக்கோ தேவைப்படும்போது, மூத்த பிள்ளைகள் இருவரும் கீழே இறங்குகிறார்கள். பெற்றோரும் ஆசையோடு நிறம் பூசி, சுவர்ப்படம் ஒட்டி, அடுக்குக் கட்டில் வாங்கிப் போட்டு அறையைச் சோடிக்கிறார்கள். ஓராண்டு கழியுமுன் சுவர்ப்படத்தின் ஓரம் கழன்று தொங்குகிறது. மெத்தையின் கீழே கறுப்புப் புள்ளி விழுகிறது. மேல் கட்டிலில் படுக்கும் பிள்ளை காலையில் எழும்பும்போது தலையை இடித்துக்கொள்கிறது.

இவை அலங்காரத்தில் நேர்ந்த குறைகள்போலத் தோன்றினாலும், பெரும்பாலானவற்றின் மூலம் உயரம் போதாமையும் ஈரமுமே ஆகும். அறையைச் சோடிப்பதற்காக வாங்கிய பொருளே பல வேளைகளில் குறையை உண்டாக்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மேல்தளத்து அறையில் ஒரு தீங்கும் செய்யாத சுவர்த்தாள், தரைப்பாய், உயரமான அலுமாரி ஆகியவை கீழ்த்தளத்தில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். உங்கள் அறையில் தெரியும் குறைக்குரிய பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். ஆனால் ஈரம் பற்றிய பகுதியை, அதாவது சுவர்த்தாள் கழல்வது பற்றிய பகுதியை, எல்லோரும் வாசிப்பது நல்லது, ஏனெனில் ஈரம் தீராத சுவரில் பூசும் நிறம் வீண்செலவு.

தொடங்குமுன் ஓர் அளவுநாடாவும், கைவிளக்கும், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து கூரைவரை உள்ள உயரத்தையும், காற்றுக்குழாயை மூடிய பெட்டியின் கீழுள்ள உயரத்தையும், யன்னல் முழுதாகத் திறந்த நிலையில் கிடைக்கும் இடைவெளியையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்ராறியோவின் கட்டட விதிகள் வீட்டின் பேஸ்மென்றில் இரண்டாவது குடியிருப்பு அமைப்பதற்கு 1.95 மீற்றர் உயரத்தையும், உத்தரங்களுக்கும் காற்றுக்குழாய்களுக்கும் கீழே 1.85 மீற்றரையும் ஏற்கின்றன. கீழே வரும் கணக்குகளை இந்த 1.95 மீற்றரை வைத்தே செய்திருக்கிறேன். உங்கள் கூரை அதைவிட உயரமானால் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேல் கட்டிலில் எழுந்து உட்காரும் பிள்ளையின் தலை கூரையில் இடிக்கிறது

கடைகளில் பரவலாக விற்கப்படும் இரட்டை அடுக்குக் கட்டிலின் மொத்த உயரம் ஏறக்குறைய 165 சென்ரிமீற்றர். மேல்மெத்தையின் பரப்பிலிருந்து பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 13 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்க வேண்டும் என்பதால், மெத்தையின் மேற்பரப்பு 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரத்தில் அமையும். 195 சென்ரிமீற்றர் கூரையில் அதைக் கழித்தால் 45 முதல் 50 சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். ஏழெட்டு வயதுப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலைவரை ஏறக்குறைய 65 முதல் 70 சென்ரிமீற்றர் இருக்கும். ஆகவே அந்தப் பிள்ளை அக்கட்டிலில் படுக்கத்தான் முடியும், உட்கார முடியாது. கட்டில் விரிப்பை மாற்றப்போகும் தாயின் நிலைமை இதைவிடச் சிரமமானது.

தடித்த மெத்தையை எடுத்துவிட்டு மெல்லிய மெத்தை போடுவதை இதற்குப் பரிகாரமாகச் சிலர் சொல்வார்கள். அதனால் கிடைப்பது ஐந்தாறு சென்ரிமீற்றர், இடிப்பது நிற்காது. மெத்தைக்கும் கூரைக்கும் இடையே 80 முதல் 90 சென்ரிமீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால், மெத்தையின் மேற்பரப்பு 105 முதல் 115 சென்ரிமீற்றருக்கு மேலே போகக் கூடாது. அந்த உயரத்துக்குள் அடங்குபவை தாழ்ந்த அரைமாடிக் கட்டில்கள், அதாவது கீழே வெற்றிடம் விட்டு மேலே ஒரு படுக்கை மட்டும் உள்ள கட்டில்கள். இக்கியாவின் கூரா கட்டில் 116 சென்ரிமீற்றர் மொத்த உயரமுடையது. அதைப் போன்ற வேறு தயாரிப்புகளும் உள்ளன. வாங்குமுன் விளம்பரப் படத்தைப் பார்க்காமல் அளவுக்குறிப்பைப் பாருங்கள். தரையை உயர்த்தும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கிற் சேருங்கள்: ஈரத்தடுப்புப் பலகையும் அதன்மேல் வைனைல் தரையும் சேர்ந்து ஏறக்குறைய 3 சென்ரிமீற்றரை எடுத்துவிடும்.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்கக் கூடாது என்ற விதி, கூரை எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் மாறாது. "விழுந்தாலும் உயரம் இல்லைத்தானே" என்று நினைப்பது தவறு. கொங்கிரீட் தளத்தின்மேல் போட்ட மெல்லிய தரை அடியைத் தாங்காது. சட்டத்தின் கம்பிகளுக்கிடையில் 9 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தால் பிள்ளையின் உடல் அதனூடே நழுவித் தலை சிக்கிக்கொள்ளக்கூடும். பழைய கட்டிலை உறவினரிடமிருந்து வாங்குபவர்கள் இதை அளந்து பார்க்க வேண்டும்.

இரு பிள்ளைகளும் சிறியவர்களாக இருந்தால், அடுக்குக் கட்டிலையே கைவிட்டு, இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சுவரோரமாக எல் வடிவில் போடுவதையே நான் விரும்புவேன். இழுத்து வெளியே எடுக்கும் உள்கட்டிலும் நல்ல தெரிவுதான், ஆனால் அதன் அடியில் காற்றோட்டம் இருக்க வேண்டும். அது குறித்துப் பின்னர் வரும்.

அறைக்குள் நுழைந்தவுடன் கூரை தலைமேல் அமுக்குவதுபோல இருக்கிறது

முதலிற் பார்க்க வேண்டியது கூரையின் நிறத்தையன்று, சுவரும் கூரையும் சந்திக்கும் கோட்டை. சுவர் கடும் நீலமாகவும் கூரை வெள்ளையாகவும் இருந்தால், அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்து, கூரை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணுக்குச் சுட்டிக்காட்டுகிறது. உயரமான அறையில் இது அழகு. தாழ்ந்த அறையில் இதுவே குறை. அக்கோட்டில் அலங்காரச் சட்டம் பதித்திருந்தாலும் கார்ட்டூன் பட்டி ஒட்டியிருந்தாலும் விளைவு இன்னும் மோசமாகும். பட்டியை எடுத்துவிட்டு, சுவருக்குப் பூசிய இளநிறத்தையே கூரைக்கும் பூசுங்கள். வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை, மிக இளஞ்சாம்பல், நீர்த்த பச்சை ஆகியவை கூரையிலும் உறுத்தாது. பிள்ளை கடும்நிறந்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், யன்னலுக்கு எதிர்ப்பக்கமுள்ள குறுஞ்சுவர் ஒன்றை மட்டும் அதற்கு விட்டுக்கொடுங்கள்.

கூரைக்குப் பளபளப்பில்லாத பூச்சையே தெரிவுசெய்ய வேண்டும். தாழ்ந்த கூரை கண்ணுக்கு அருகில் இருப்பதால், பளபளக்கும் பூச்சில் ஜிப்சம் பலகைகளின் இணைப்புகளும், பூச்சுக்காரர் தேய்க்காமல் விட்ட மேடுபள்ளங்களும் பக்கவாட்டு வெளிச்சத்தில் துலக்கமாகத் தெரியும்.

அடுத்தது காற்றுக்குழாய்ப் பெட்டி. பேஸ்மென்றின் நடுவே நீளமாக ஓடும் அந்தப் பெட்டிக்கு ஆரஞ்சு நிறம் பூசி, அதை ரயில் வண்டியாகவோ வானவில்லாகவோ மாற்றலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அறையின் மிகத் தாழ்ந்த இடத்தை அது எல்லோர் கண்ணிலும் குத்திக் காட்டுவதால் நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டிக்கும் கூரையின் நிறத்தையே பூசிவிட்டு, அதன் கீழே ஆட்கள் நடக்காதபடி தளபாடங்களை ஒழுங்குபடுத்துங்கள். உட்கார்ந்தும் படுத்தும் பயன்படுத்தும் பொருட்கள், அதாவது தாழ்ந்த கட்டிலின் தலைப்பக்கம், எழுதுமேசை, விளையாட்டுப் பொருட் பெட்டி ஆகியவை, அந்த இடத்துக்குப் பொருத்தமானவை. வளர்ந்தவர்கள் நெற்றியை இடிக்கும் மூலையொன்று தவிர்க்க முடியாமல் மிஞ்சினால் மட்டும், அதில் மென்பஞ்சு ஓரக்காப்பு ஒட்டி, அதன்மேல் அதே நிறத்தைப் பூசிவிடுங்கள்.

தளபாடங்களின் உயரமும் இதில் அடங்கும். கூரைவரை எட்டும் அலுமாரி இடவசதி தரும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கூரைக்கும் அதற்கும் இடையே பத்துச் சென்ரிமீற்றர் மட்டும் விட்டு நிற்கும் அலுமாரி அறையையே குறுக்கிவிடும். இடுப்பளவு உயரமுள்ள லாச்சி அலுமாரிகளை ஒரே வரிசையில் வைத்தால் அவற்றின் மேலே சுவர் வெறுமையாக விரியும். ஒவ்வொன்றையும் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தோடு திருகாணியால் பிணைக்க வேண்டும். அச்சட்டங்கள் பொதுவாக 16 அங்குல இடைவெளியில் இருக்கும். லாச்சிகளைப் படிகளாக்கி ஏறும் பிள்ளையோடு அலுமாரி கவிழ்வது கனடாவிலும் அமெரிக்காவிலும் உயிர்களைப் பறித்திருக்கிறது.

கூரையில் ஒளிரும் நட்சத்திரங்கள் ஒட்டுவது பற்றி ஒரு சொல்: அரைமாடிக் கட்டிலில் படுக்கும் பிள்ளைக்குக் கூரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், ஒரு வாரத்துக்குள் அவை பிய்த்தெடுக்கப்பட்டுவிடும், அறையில் சிறு குழந்தை இருந்தால் அதன் வாய்க்கும் போய்விடும்.

பகலிலும் இருட்டாக இருக்கிறது, விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது

கூரையின் நடுவே தொங்கும் ஒரேயொரு விளக்குத்தான் இந்த இரண்டுக்கும் காரணம். தாழ்ந்த கூரையில் அது கண்மட்டத்துக்கு அருகில் வந்துவிடுவதால் கூசுகிறது. சுவரோரங்களுக்கு ஒளி போய்ச் சேராததால் மூலைகள் இருளாகின்றன. அதைக் கழற்றிவிட்டு, கூரையோடு ஒட்டிய மெல்லிய எல்இடி விளக்குகள் நான்கை, சுவரிலிருந்து அரை மீற்றர் முதல் முக்கால் மீற்றர் உள்ளே தள்ளிப் பதித்தால், ஒளி சுவரில் வழிந்து இறங்கும். சுவர் வெளிச்சமாக இருக்கும் அறை உயரமாகவும் தெரியும். ஒன்ராறியோவில் புதிய மின்னிணைப்பு வேலைக்கு மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டால் அதை அவரே செய்வார்.

விளக்குகளின் இடத்தைக் குறிக்குமுன் கட்டில்களின் இடத்தைத் தீர்மானியுங்கள். அரைமாடிக் கட்டிலுக்கு நேர்மேலே விளக்கு வந்தால், படுத்திருக்கும் பிள்ளையின் கண்ணில் அது நேராக விழும். மங்கலாக்கும் ஆளி பொருத்துவது நல்லது. நிறவெப்பம் 2700 முதல் 3000 கெல்வின்வரை இருந்தால் போதும். பகல்வெளிச்சம் என்று விற்கப்படும் 5000 கெல்வின் விளக்கு படிப்புமேசைக்கு உதவலாம், படுக்கையறைக் கூரைக்கு வேண்டாம்.

யன்னல் சிறியது என்று கவலைப்படுமுன் வெளியே சென்று, யன்னலுக்கு முன்னால் நிலத்தில் வெட்டியிருக்கும் குழியைப் பாருங்கள். குழிக்குள் சேர்ந்திருக்கும் இலைகுப்பையை அள்ளி, அடியில் வெண்ணிறச் சரளைக்கல் பரப்பி, குழியின் உட்சுவருக்கு வெளிர்நிறம் பூசினாலே உள்ளே வரும் ஒளி கூடுவதைக் காணலாம். தண்ணீர் வடிவதும் சீராகும்.

சீலிங் ஃபேன் மாட்டலாமா என்ற கேள்வி எங்கள் வீடுகளில் தவறாமல் எழும். 1.95 மீற்றர் கூரையில் அதற்கு இடமே இல்லை. இறக்கைகள் தரையிலிருந்து குறைந்தது 2.1 மீற்றர் உயரத்தில் சுழல வேண்டும்.

சுவர்த்தாளும் படங்களும் கழல்கின்றன. ஓரங்களில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ படிகிறது

பசையைக் குறைசொல்லி மீண்டும் ஒட்ட வேண்டாம். முதலில் எந்தச் சுவர் என்று பாருங்கள். உட்சுவரில் ஒட்டியவை அப்படியே இருக்க, மண்ணைத் தொடும் வெளிச்சுவரில் ஒட்டியவை மட்டும் கழன்றால், சிக்கல் ஈரமே.

அடுத்து, படிந்திருப்பது என்ன என்று அறிய வேண்டும். கொங்கிரீட்டிலோ செங்கல்லிலோ தெரியும் வெள்ளைத் தூள், சுவருக்குள் புகுந்த நீர் ஆவியாகும்போது விட்டுப்போகும் உப்பாக இருக்கலாம். அதன்மேல் சிறிது வினாகிரி விட்டால் அவ்வகை உப்பு பெரும்பாலும் நுரைக்கும், பூஞ்சணம் நுரைக்காது. உப்பு நோய் தராது, ஆனால் தண்ணீர் சுவரைக் கடந்து வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கறுப்பு, பச்சைப் புள்ளிகள் பூஞ்சணமாகவே இருக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சமையலறையில் உள்ள அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, வெறும் கொங்கிரீட்டில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால், அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. தாளின் உட்பக்கம் நனைந்திருந்தால், நீர் கொங்கிரீட்டுக்குள்ளால் வருகிறது. இரண்டும் நனைந்திருந்தால் இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

நீர் உள்ளே வருவதானால், வேலை அறைக்கு வெளியே இருக்கிறது. பீலியின் கீழ்க்குழாய் அத்திவாரத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரைக் கொட்டுகிறதா, வீட்டைச் சுற்றியுள்ள மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா, யன்னற்குழி நிரம்புகிறதா என்பவற்றைப் பெருமழை பெய்யும்போது குடையோடு போய்ப் பார்ப்பதே சிறந்த பரிசோதனை. குழாயை நீட்டுவதும் மண்ணைச் சரிவாக நிரப்புவதும் செலவு குறைந்தவை. சுவரில் வெடிப்பிருந்தால் அதற்குரிய தொழிலாளரை அழைக்க வேண்டும். இது முடியும்வரை சுவரில் எதையும் பூசாதீர்கள், ஒட்டாதீர்கள்.

காற்றின் ஈரமானால், அது பெரும்பாலும் கோடைகாலத்துக் குறை. இங்கே எங்கள் பழக்கமே எங்களுக்கு எதிராகிறது. புழுங்கினால் யன்னலைத் திறப்பதே ஊரில் நாம் கற்றது. ஆனால் யூலை மாதத்தில் வெளியே 29 பாகையும் 70 வீத ஈரப்பதமும் இருந்தால், அக்காற்று 23 பாகைக்குக் குளிர்ந்தவுடனேயே நீராகப் படியத் தொடங்கும். மண்ணைத் தொடும் சுவரும் தளமும் அதைவிடக் குளிர்ந்திருப்பதால், திறந்த யன்னல் அறையை நனைக்கிறது. யன்னலை மூடி, ஈரம் வாங்கும் கருவியை ஓடவிட வேண்டும். 24 பாகை அறைக்காற்றில் ஈரப்பதம் 65 வீதமாக இருக்கும்போது 17 பாகையிலேயே நீர் படியும். 50 வீதமாகக் குறைத்தால் 13 பாகைவரை படியாது. கோடையில் ஏறக்குறைய 50 வீதமும், குளிர்காலத்தில் 30 வீதமும் என்ற ஹெல்த் கனடாவின் அளவையே ஈரப்பதமானியில் இலக்காக வையுங்கள். கருவியின் வாளியைத் தினமும் ஊற்ற மறந்துவிடுவோம் என்பதால், ஒரு குழாயைப் பொருத்தித் தரைவடிகாலுக்குள் விட்டுவிடுவது நல்லது. இரைச்சல் கேட்பதால் அதை அறைக்கு வெளியே நடையில் வைத்துக் கதவைச் சற்றுத் திறந்து விடலாம்.

இருக்கும் பூஞ்சணத்தில் ஒவ்வொரு திட்டும் ஒரு சதுர மீற்றருக்குக் குறைவாகவும், அத்தகைய திட்டுகள் இரண்டொன்றாகவும் இருந்தால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் துடைத்து உலர்த்திவிடலாம், பிளீச் தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் அதற்கென்றுள்ள தொழிலாளரிடம் விடுங்கள், பிள்ளைகளை அதுவரை மேலே படுக்க வையுங்கள்.

இவை தீர்ந்த பின்பும், வெளிச்சுவருக்கு வைனைல் சுவர்த்தாள் வேண்டாம். அது ஈரத்தைத் தன் பின்னால் சிறைபிடிக்கும். சாதாரண லேற்றெக்ஸ் பூச்சுப் போதும். ஒட்டுப்படங்களும் சுவர்த்தாளும் உட்சுவருக்கு. அலுமாரியையும் கட்டிலின் தலைப்பலகையையும் வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள்.

மெத்தையின் அடியில் கறுப்புப் புள்ளிகள்

அரைமாடிக் கட்டிலின் கீழே இரண்டாவது பிள்ளைக்காக மெத்தையை நேரே தரையில் போடும் வீடுகளில் இதைக் காணலாம். உறங்கும் உடலின் சூடும் வியர்வையும் மெத்தையின் ஊடாக இறங்கி, குளிர்ந்த தளத்தைத் தொடும் இடத்தில் நீராகின்றன. மெத்தையைப் பகலில் நிமிர்த்தி வைப்பது ஓரளவு உதவும், ஆனால் பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் அதை யாரும் தொடர்ந்து செய்வதில்லை. எட்டுப் பத்துச் சென்ரிமீற்றர் உயரமுள்ள, இடைவெளிவிட்ட மரச்சட்டங்களால் ஆன தாழ்ந்த தாங்கியொன்றைக் கீழே போடுவதே நிலையான தீர்வு. புள்ளி விழுந்த மெத்தையைக் கழுவிக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிடுங்கள்.

வண்ணத் துண்டுகளாக இணைக்கும் மென்பஞ்சுத் தரைப்பாய்க்கும் இதே கதிதான். அதன் ஒரு துண்டைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். குளிர்ச்சியாக, சற்று வழுவழுப்பாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, துவைத்து உலர்த்தக்கூடிய சிறு கம்பளங்களை விரியுங்கள்.

எவ்வளவு துடைத்தாலும் ஒரு வாடை

வாடை மூன்று வகையாக இருக்கலாம். மழைநாளிலும் கோடையிலும் கூடும் மண்வாடை ஈரத்தினால் வருவது; சுவர்த்தாள் கழல்வது பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள். கழிவுநீர் வாடை வந்தால், நீர் தேங்கி நின்று அந்த வாடையைத் தடுக்கும் தரைவடிகாலின் வளைகுழாய் உலர்ந்துபோயிருக்கலாம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டால், நீர் சீக்கிரம் ஆவியாகாது. தரையை அலங்கரிக்கும்போது அந்த வடிகாலை மூடிவிட்டவர்கள் அதைத் திறக்க வழிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, எங்கள் பேஸ்மென்றுகளுக்கே உரியது. பொரியலும் மீன்குழம்பும் மேல்வீட்டை மணக்கச் செய்யக் கூடாது என்று கீழே இரண்டாவது சமையலறை வைத்திருக்கும் வீட்டில், அதற்கு அடுத்த அறையில் பிள்ளைகள் உறங்கினால், தடித்த திரைச்சீலைகளும் துணிபொதிந்த தலைப்பலகைகளும் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சமையலறைப் புகைபோக்கி வெளியே காற்றைத் தள்ளுகிறதா, அல்லது உள்ளேயே சுழற்றுகிறதா என்று பாருங்கள். உள்ளே சுழற்றுவதானால் எந்த அலங்காரமும் உதவாது. சாம்பிராணி போட்டு வாடையை அடக்குவது தற்காலிகமானது. தாழ்ந்த கூரையில் புகை உடனே புகையுணர் கருவியைப் போய்ச் சேரும். அந்தச் சத்தத்துக்காகக் கருவியைக் கழற்றி வைக்கும் பழக்கம் ஆபத்தானது.

யன்னலைத் திறக்க ஒரு பொருளை நகர்த்த வேண்டியிருக்கிறது

இது சிறிய வசதிக்குறைபோலத் தோன்றினாலும், இந்தப் பட்டியலில் முதலிற் சரிசெய்ய வேண்டியது இதுவே. தீப்பிடித்தால் படிக்கட்டு புகையால் நிரம்பும். அப்போது பிள்ளைகளுக்கு இருக்கும் மறுவழி யன்னல்தான். ஒன்ராறியோ விதிகளின்படி அந்த யன்னல் கருவியோ சாவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். திறந்த இடைவெளி குறைந்தது 0.35 சதுர மீற்றராகவும், நீளமோ அகலமோ 380 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். யன்னற்குழி இருந்தால் யன்னலின் முன் 550 மில்லிமீற்றர் இடம் வேண்டும். 380க்கு 380 இருந்தால் போதும் என்று பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் அது 0.15 சதுர மீற்றர்கூட இல்லை. ஒரு பக்கம் 380 என்றால் மறுபக்கம் ஏறக்குறைய 920 மில்லிமீற்றராவது வேண்டும். யன்னல் இதற்குப் போதாவிட்டால், அந்த அறையைச் சோடிப்பதை நிறுத்தி, யன்னலைப் பெரிதாக்கும் வேலையை முதலிற் செய்ய வேண்டும்.

யன்னல் போதுமானதாக இருந்தால், அதன் கீழே உறுதியான, தாழ்ந்த ஒரு பெட்டியிருக்கையைச் சுவரோடு பிணைத்து வையுங்கள். பேஸ்மென்ற் யன்னலின் விளிம்பு உயரத்தில் இருப்பதால் பிள்ளை ஏறி வெளியேற அது உதவும். நாளாந்தம் புத்தகம் வாசிக்கும் இடமாகவும் இருக்கும். இளைய பிள்ளை தானாகத் திறந்து ஏறுகிறதா என்று பகலில் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். சின்ன யன்னலைப் பெரிதாகக் காட்டத் தரைவரை நீண்ட திரைச்சீலை தொங்கவிடும் உத்தியை இங்கே தவிர்த்து, யன்னற்சட்டத்துக்குள் அடங்கும், கயிறில்லாத திரையைப் பொருத்துங்கள். நீண்ட சீலை இருட்டில் கையையும் காலையும் சிக்கவைக்கும். அதன் அடி ஈரச்சுவரைத் தொட்டுக்கொண்டும் இருக்கும்.

மேல் கட்டிலில் புழுக்கம், கீழே கால் விறைக்கிறது

பேஸ்மென்றில் சூடான காற்று கூரையிலிருந்து வருவதால் மேலேயே தங்கிவிடுகிறது. காற்றுத்துவாரம் மேல் கட்டிலை நோக்கியிருந்தால், காந்தத்தால் ஒட்டும் பிளாஸ்ரிக் திசைதிருப்பியை மாட்டி, காற்றைச் சுவர்வழியே கீழ்நோக்கி அனுப்புங்கள். காற்று திரும்பிப்போகும் துவாரம் தரைக்கு அருகில் இருந்தால், அதை விளையாட்டுப் பெட்டியோ படமோ மறைக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் கதவின் அடியில் இரண்டு சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள். மின்சூடாக்கியைக் கட்டிலருகே வைத்துவிட்டு உறங்குவது தீர்வாகாது.

ஒருவர் உறங்க, மற்றவர் விளக்கை அணைக்க மறுக்கிறார்

பிள்ளைகளுக்கிடையே ஐந்தாறு வயது வித்தியாசம் இருந்தால் இந்தச் சண்டை நிச்சயம். நடுவே உயரமான புத்தக அலுமாரியை நிறுத்தி அறையைப் பிரிக்கும் எண்ணம் முதலில் தோன்றும். ஆனால் யன்னல் ஒன்றே இருக்கும் அறையில் அது ஒரு பிள்ளைக்கு ஒளியையும் வெளியேறும் வழியையும் மறித்துவிடும். கட்டில்களின் தலைப்பக்கங்களை எதிர்த்திசைகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆளியுள்ள, கீழ்நோக்கி மட்டும் ஒளிரும் சிறு சுவர்விளக்கு பொருத்தினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அரைமாடிக் கட்டிலின் கீழ்ப்பகுதிக்கு மெல்லிய பருத்தித் திரை கட்டலாம்.

"இது என்னுடைய பக்கம்" என்பதைச் சுவரால் காட்டத் தேவையில்லை. ஒரே அடிநிறத்தில் அறை முழுவதையும் பூசிவிட்டு, கட்டில் விரிப்பு, கம்பளம், தலைக்குமேல் உள்ள ஒரு சட்டமிட்ட பலகை ஆகியவற்றை மட்டும் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தெரிவுசெய்ய விடுங்கள். அண்ணனுக்குக் கிரிக்கெட்டும் தங்கைக்கு வண்ணத்துப்பூச்சியும் அந்தப் பலகைக்குள் அடங்கிவிடும், ஈராண்டில் மாற்றவும் இலகு. பெண்பிள்ளையும் ஆண்பிள்ளையும் ஓர் அறையில் இருந்தால் இது நீண்டகாலத்துக்கு ஓடாது. கனடாவின் தேசிய வதிவிட அளவுகோல் ஐந்து வயது நிறைந்த எதிர்ப்பாற் பிள்ளைகளுக்குத் தனியறைகள் வேண்டும் என்று கணக்கிடுகிறது; சொந்த வீட்டுக்கு அது சட்டமில்லை என்றாலும், பெரும் பணம் செலவழித்து நிலையான தளபாடங்கள் அடிக்குமுன் யோசிக்க வேண்டிய விடயம்.

மேலே நடப்பது இடிபோலக் கேட்கிறது

கூரைக்கு ஒலித்தடுப்புப் போட்டால் மேலும் சில சென்ரிமீற்றர் உயரம் போய்விடும். காலடிச் சத்தத்தை அது எழும் இடத்திலேயே தடுப்பதுதான் மலிவு: மேல்தளத்தில் அந்த அறைக்கு நேர்மேலே தடித்த அடிவிரிப்போடு ஒரு கம்பளம் போடுங்கள்.

எந்த அறிகுறியும் தராதவை

ரேடன் வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. நிலத்திலிருந்து கசிந்து பேஸ்மென்றில் சேரும் இக்கதிரியக்க வாயு, புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாவது. ஹெல்த் கனடாவின் வழிகாட்டி அளவு கனமீற்றருக்கு 200 பெக்கரெல். பிள்ளைகள் அறைக்கு மாறிய முதற் குளிர்காலத்திலேயே, குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்கும் சோதனைக் கருவியை வாங்கி, தரையிலிருந்து சற்று உயரத்தில், காற்றுத்துவாரத்துக்கும் வெளிச்சுவருக்கும் அருகில் இல்லாதபடி வையுங்கள். அளவு கூடினால் தளத்தின் அடியிலிருந்து வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அமைக்க வேண்டும்; அதற்காகத் தளத்தில் துளையிட வேண்டியிருக்கும் என்பதால், விலையுயர்ந்த தரை விரிப்பை முடிவு வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

உலையும் நீர்சூடாக்கியும் எரிவாயுவில் இயங்கும் வீட்டில், பிள்ளைகளின் அறைக்கு அருகே காபன் மொனொக்சைட் உணர்கருவியும், அறைக்குள் புகையுணர் கருவியும் இருக்க வேண்டும். பூச்சு வேலையின்போது புகையுணர் கருவியை மூடிய பிளாஸ்ரிக் உறையை, பிள்ளைகள் அங்கே படுக்கும் முதல் இரவுக்குள் அகற்றிவிட்டு, சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.